நின்றபடி எடுத்த படம்

ஆனி மாதத்துக் காற்று மேற்கு மலையை விட்டிறங்கிக் கடையநல்லூர்த் தெருக்களில் கதவுகளையும் கீற்றுப் பந்தல்களையும் ஆட்டத் தொடங்கிவிட்டால், எங்கள் ஊரில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் எல்லாம், பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் முட்டுவலியில் வந்து நிற்கும். பதினெட்டு ஆண்டுக் காலம் நானும் அந்தச் சபையில் ஓர் அங்கத்தினனாக இருந்தவன். சென்ற ஆண்டு என் வலது முழங்காலின் ஒரு பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு அங்கே உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தினார்கள் என்பதையும், மற்றப் பக்கம் இறைவன் கொடுத்தபடியே இருக்கிறது என்பதையும் கேள்விப்பட்டவர்கள், "அதெப்படி ஸார், முட்டுல பாதியை மட்டும் மாத்த முடியும்?" என்று வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லி வருவதில் சில விஷயங்கள் விட்டுப் போகின்றன. ஆகவே சாவகாசமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

2005-ஆம் ஆண்டில் ஒரு மாலைப்பொழுது. அந்நாளில் 208 என்றும் இப்போது 744 என்றும் எண்ணிடப்பட்டிருக்கிற திருமங்கலம்-கொல்லம் நெடுஞ்சாலையில், கிருஷ்ணாபுரத்துக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பிய நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடப்பதற்காக நின்றுகொண்டிருந்தேன். வலப்புறமாக வந்த ஒரு வேன், முன்புறக் கம்பியால் என் வலது முழங்காலின் வெளிப்பக்கத்தில் மோதிவிட்டுப் போயிற்று. அடிபட்ட இடம் வெளிப்பக்கம் என்பதை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் வருகிற விருத்தாந்தம் முழுவதும் அந்த ஒரு விவரத்தைப் பிடித்துக்கொண்டே நடக்கிறது.

கணுக்காலிலிருந்து மேலே வருகிற பெரிய எலும்பின் உச்சியில், இரண்டு சிறிய தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாற்போல இரண்டு தளங்கள் இருக்கின்றன. உள்பக்கத்துத் தளம் சற்றே குழிந்தது. வெளிப்பக்கத்துத் தளம் சற்றே மேடானது. தொடையெலும்பின் இரண்டு உருண்ட முனைகளும் இந்த இரண்டு தளங்களின் மேல்தான் உருண்டும் வழுக்கியும் நம்மை நடத்திக்கொண்டு போகின்றன. வெளியிலிருந்து அடி விழும்போது கால் உள்நோக்கி ஒடிந்து, தொடையெலும்பின் முனை சுத்தியலைப் போல வெளிப்பக்கத்துத் தளத்தின் மேல் இறங்கி, அதை உள்ளே அமுக்கிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆட்டுக்கால் சுத்தம் செய்கிறவர்கள், எலும்பின் முனையில் நீலம் கலந்த வெண்மையோடு, விரல் வைத்தால் வழுக்குகிற ஒரு பூச்சைப் பார்த்திருப்பார்கள். அதுதான் குருத்தெலும்பு. எலும்பு முறிந்தால் கூடும். தோல் கிழிந்தால் மூடும். ஆனால் இந்தப் பூச்சுக்குள் இரத்தக் குழாய் என்பதே கிடையாதாகையால், அது ஒருமுறை நசுங்கிப் போனால் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. அடித்தளமும் இறங்கிவிட்டால், மேலே எஞ்சியிருக்கிற பூச்சும் ஒவ்வோர் அடியிலும் உரசி உரசி வருஷக் கணக்கில் தேய்ந்து வருகிறது.

இந்த உண்மை ஒன்றும் அன்று எங்களுக்குத் தெரியாது. காலையில் விடிந்ததும் என்னை ஒரு நாட்டுக்கட்டு வைத்தியரிடம் கொண்டு போனார்கள். உளுந்து மாவும் முட்டை வெள்ளைக் கருவும் தடவிய துணியைச் சுற்றி, மேலே மூங்கில் தப்பைகளை வரிசையாக வைத்து இறுக்கிக் கட்டி, இருபத்தொரு நாள் அசையாமல் கிடக்கச் சொன்னார். அவரிடம் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. கையை ஒடித்துக்கொண்டு போன எங்கள் தெருப் பிள்ளைகள் பலருக்குக் கோணல் தெரியாமல் எலும்பைக் கூட்டிக் கொடுத்த கை அது. ஆந்திர தேசத்துப் புத்தூர்க் கட்டுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் பிரயாணம் செய்ததும் வீண் மூடநம்பிக்கையால் அல்ல. நீண்ட எலும்பின் நடுத்தண்டில் முறிவு நேர்ந்தால், கட்டின் பிடியிலே அது கூடி வளர்ந்து, சிறு கோணலைக் காலப்போக்கில் உடம்பே பொறுத்துக்கொள்ளும். மூட்டுக்குள் இறங்கிய முறிவோ அப்படிப்பட்டதன்று. அங்கே அமுங்கிப் போன துண்டைக் கீழிருந்து தூக்கி, தளம் சமமாகும்படி நிறுத்தி, மறுபடி இறங்காதபடி தாங்கு கொடுத்தாக வேண்டும். அதை வெளியிலிருந்து எந்தக் கட்டும் செய்ய இயலாது. எலும்பு எங்கே முறிந்திருக்கிறது என்று படம் எடுத்துப் பாராமல் கட்டியதுதான் பிழை. அந்தப் பிழையில் வைத்தியரைவிட, படம் எடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரியாத படித்தவனாகிய எனக்கே பங்கு அதிகம்.

கட்டைப் பிரித்த பிறகும் காலை ஊன்ற முடியாமல் திருநெல்வேலிக்குப் போய்ப் படம் எடுத்தபோது, எலும்பு கூடத் தொடங்கியிருந்தது. ஆனால் வெளிப்பக்கத்துத் தளம் சில மில்லிமீட்டர் கீழே இறங்கிய நிலையிலேயே கூடியிருந்தது. இவ்வகை முறிவுகளை டொரண்டோ நகரத்து ஜோசப் ஷாட்ஸ்கர் என்ற அறுவை மருத்துவர் 1979-இல் ஆறு வகையாகப் பிரித்து வைத்தார் என்றும், உலகெங்கும் எலும்பு மருத்துவர்கள் இன்றைக்கும் அந்தக் கணக்கையே பேசுகிறார்கள் என்றும் பிற்காலத்தில் அறிந்தேன். முதல் வாரத்திலேயே வந்திருந்தால் தளத்தைத் தூக்கி பிளேட்டு வைத்திருக்கலாம், இப்போது மறுபடி உடைத்துச் செய்வதில் லாபத்தைவிட அபாயம் அதிகம் என்று சொல்லி, அங்கிருந்த டாக்டர் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்.

இன்றைக்கு இந்த ஊரில் யாருக்காவது அப்படி ஒரு விபத்து நேருமானால் அவர் என்னைப் போல் தவிக்க வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 18-ஆம் தேதி தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48' என்னும் திட்டத்தின்படி, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த அரசு, தனியார் மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எனவே முழங்காலோ, முழங்கையோ, கணுக்காலோ, எந்த மூட்டு வீங்கினாலும் முதலில் படம், பிறகுதான் கட்டு என்று என் மாணவர்களின் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

பிறகு வந்த வருஷங்களைப் பற்றி விஸ்தாரமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வலி, வற்றாத ஊற்றைப் போல, சில மாதம் குறைந்தும் சில மாதம் பெருகியும் இருந்தது. கால் மெல்ல மெல்ல உள்நோக்கி வளைந்து, நடக்கையில் வலது முட்டி இடது முட்டியைத் தட்டத் தொடங்கியது. வகுப்பில் நின்றபடி பாடம் நடத்துவது போய், மேஜையில் சாய்ந்து நடத்துவது வந்தது. ஓய்வு பெற்ற பிறகு கைத்தடி வந்தது. அந்தத் தடியைக்கூட நான் வலி உள்ள வலது பக்கத்துக் கையிலேயே பிடித்து வந்தேன். நோயில்லாத காலின் பக்கத்துக் கையில்தான் தடியைப் பிடிக்க வேண்டும், அப்போதுதான் நோயுற்ற காலை ஊன்றும் க்ஷணத்தில் உடம்பின் பாரம் தடிக்கு மாறும் என்று ஒரு பிஸியோதெரபிப் பெண் பிள்ளை இரண்டே நிமிஷத்தில் காட்டிக் கொடுத்தாள். அதற்கு முன் எத்தனையோ பேர் என் கையில் தடியைப் பார்த்தும் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

மூட்டு மாற்று என்ற பேச்சே எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வந்து சேர்ந்தது, பிரதம மந்திரியாக இருந்த வாஜ்பாயி அவர்களின் முழங்கால்களோடுதான் என்று சொல்லலாம். 2000 அக்டோபரில் இடது முழங்காலையும், 2001 ஜூனில் வலது முழங்காலையும், மும்பையில் பிரீச் கேண்டி மருத்துவமனையில் மாற்றினார்கள். அதற்காக நியூயார்க்கிலிருந்து வந்தவர் சித்தரஞ்சன் ரணாவத் என்ற இந்தியர். எங்கள் ஆசிரியர் அறையில் தினசரியை விரித்துப் போட்டுக்கொண்டு, எழுபத்தைந்து வயதில் இப்படியும் செய்வார்களா என்று வியந்து பேசிய கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆனால் அவருக்குச் செய்தது முழு மாற்று. அதனால்தானோ என்னவோ, மூட்டு மாற்று என்றால் முழுவதையும் அறுத்தெடுத்து இரும்பு வைப்பது என்ற ஒரே சித்திரம் ஜனங்கள் மனத்தில் நின்றுவிட்டது. என் வீட்டிலும், "தேஞ்சு போனது தேஞ்சு போச்சு, மொத்தமா மாத்திட்டு நிம்மதியா இருங்க" என்பதே அனைவரின் அபிப்பிராயமாக இருந்தது.

இரண்டு மருத்துவர்களைப் பார்த்தேன். எலும்புகளுக்கிடையே இடைவெளி நன்றாகத்தானே இருக்கிறது, வலிக்கு மாத்திரை சாப்பிடுங்கள் என்றார் ஒருவர். முழுவதையும் மாற்றிவிடலாம், தேதி குறியுங்கள் என்றார் மற்றவர். இருவரும் பார்த்தது ஒரே படம். நான் மேஜையில் மல்லாந்து படுத்திருக்க எடுத்த படம். மூன்றாவதாக நான் போன மருத்துவர் அந்தப் படத்தை வெளிச்சப் பலகையில் வைத்து ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐயா, உங்களுக்குப் படுத்திருக்கும்போது வலிக்கிறதா, நடக்கும்போது வலிக்கிறதா?" என்று கேட்டார். நடக்கும்போது என்றேன். "அப்படியானால் நின்றுகொண்டு எடுப்போம்" என்றார்.

அந்த எக்ஸ்ரே அறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு படி வைத்த ஒரு மரப்பலகையின் மேல் என்னை ஏற்றி, சுவரோடு பொருத்திய தகட்டில் இரண்டு முழங்கால்களும் தொடும்படி நிறுத்தி, உட்காரப் போகிறவன் பாதியில் நின்றுவிட்டாற்போல முட்டியைச் சற்று மடக்கச் சொல்லி, முழுப் பாரத்தையும் கால்களில் போடச் சொன்னார்கள். பதினெட்டு வருஷமாக நடையில் என்னை வாட்டிய வலி முழுவதும் அந்த நிலையில் வெளிப்பக்கத்தில், ஒரு கட்டைவிரல் அகலத்தில், வந்து திரண்டு நின்றது. படம் வந்தது. உள்பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு, அகலமாக, ஒழுங்காக இருந்தது. குருத்தெலும்பு படத்தில் தெரியாதாகையால், அந்தக் கறுப்புக் கோடுதான் அது அங்கே இருப்பதற்குச் சாட்சி. வெளிப்பக்கத்தில் கோடே இல்லை; எலும்பின் மேல் எலும்பு நேரே உட்கார்ந்திருந்தது. மருத்துவர் பேனாவின் முனையால் இரண்டு இடங்களையும் தொட்டுக் காட்டி, "இந்த மூட்டுக்குள் மூன்று அறைகள் உண்டு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, சில்லுக்குப் பின்னால் ஒன்று. உங்களுக்குக் கெட்டிருப்பது ஓர் அறை. மற்ற இரண்டையும் நான் ஏன் எடுக்க வேண்டும்?" என்றார்.

ஊருக்குத் திரும்பி இதை முதலில் சொன்னது, எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குழித்தறியில் கைலி நெய்கிற என் பால்ய நண்பர் பாயிடம்தான். அவர் குழிக்குள் கால்களை இறக்கி மிதியில் வைத்தபடியே, பாவை ஒரு கையால் தடவிக்கொண்டு கேட்டார். "வாத்தியாரய்யா, இதுல என்ன அதிசயம் இருக்கு? பாவுல நாலு இழை அறுந்து போச்சுன்னா அந்த நாலு இழையத்தான் முடிஞ்சு விடுவோம். பாவையே அறுத்தா எறிவோம்?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே, "ஆனா ஒண்ணு. பக்கத்து இழையெல்லாம் இத்துப் போயிருந்தா முடிச்சு நிக்காதுல்லா. அதைப் பாத்துக்கிடச் சொல்லுங்க" என்றார்.

வைத்திய சாஸ்திரம் எண்பது தொண்ணூறு வருஷ காலம் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்ததும் பாய் சொன்ன அந்த இரண்டாவது வாக்கியத்தைத்தான். 1890-இல் பெர்லினில் தெமிஸ்டோகிளிஸ் குளுக் என்பவர் யானைத் தந்தத்தால் முழங்கால் செய்து பொருத்தினார்; சீழ் பிடித்து அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1970-களில் ஆக்ஸ்போர்டு நகரத்தில் ஜான் குட்ஃபெலோ என்ற அறுவை மருத்துவரும், ஜான் ஓகானர் என்ற பொறியியல் அறிஞரும் சேர்ந்து, எலும்பு முனைகளுக்கு உலோக உறையும் நடுவே நழுவும் பிளாஸ்டிக் வில்லையும் கொண்ட ஒரு சாதனத்தை அமைத்து, முதலில் இரண்டு பக்கங்களிலும் அதைப் பொருத்தி வந்தார்கள். சில கால்களில் அது உறுதியாக நின்றது. சில கால்களில் தளர்ந்து போயிற்று. காரணம் தேடிப் பார்த்ததில், மூட்டின் நடுவே குறுக்காக ஓடுகிற முன்புறத் தசைநார், நம் ஜனங்கள் ஜவ்வு என்று சொல்வது, அறுபடாமல் இருந்தவர்களுக்கே அது நிலைத்தது என்று தெரியவந்தது. அந்த ஜவ்வு நன்றாக இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது என்பதும் கூடவே தெரிந்தது. அதன் பேரில் 1982-இலிருந்து உள்பக்கத்துக்கு மட்டும் பொருத்தத் தொடங்கினார்கள்.

ஆகையால் ஒருபக்க மாற்று எல்லோருக்கும் ஏற்றதன்று. ஜவ்வுகள் உறுதியாக இருக்க வேண்டும். மற்ற அறைகளில் குருத்தெலும்பு முழுக் கனத்தில் இருக்க வேண்டும். கால் பெரும்பாலும் நேராக நீள வேண்டும். வளைந்த காலை மருத்துவர் கையால் தள்ளினால் நேர்நிலைக்கு வர வேண்டும். வாத நோயால் மூட்டு முழுவதும் அழற்சி கண்டவர்களுக்கு இது ஆகாது. முறிவுக்குப் பின் வந்த தேய்மானத்திலோ இன்னும் சில கவனங்கள் தேவை: பழைய எலும்பு முற்றிலும் கூடியிருக்கிறதா, முன்பு வைத்த பிளேட்டும் ஸ்குரூவும் வழியில் நிற்கின்றனவா, அந்த நாளில் புகுந்த கிருமி எங்கேனும் உறங்குகிறதா, பழைய தழும்பை ஒட்டித் தோலுக்கு இரத்த ஓட்டம் இருக்கிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். முறிந்து கூடிய முழங்காலில் எந்த மாற்றுச் சிகிச்சை செய்தாலும் சாதாரணத் தேய்மானத்தைவிடச் சிக்கல் வரும் வாய்ப்பு அதிகம் என்பதை என் மருத்துவர் ஒளிக்காமல் சொன்னார். போதாததற்கு என்னுடையது வெளிப்பக்கம். ஒருபக்க மாற்றுகளில் வெளிப்பக்கத்துக்குச் செய்யப்படுபவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கால் மடங்கும்போது அந்தப் பக்கத்து ஜவ்வு இயல்பாகவே தளர்வதால், நழுவும் வில்லை அங்கே இடம்விட்டு விலகக்கூடும் என்று, எனக்கு நழுவாத வில்லையையே தேர்ந்தெடுத்தார்.

பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில், உள்பக்கம் மட்டும் தேய்ந்த 528 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பகுதி மாற்றும் மற்றதற்கு முழு மாற்றும் செய்து, ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்து 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். நடமாட்டத்திலும் வலியிலும் இருசாராருக்கும் பெரிய வித்தியாசமில்லை; செலவு பகுதி மாற்றில் குறைவு. அதே சமயம், பகுதி மாற்றுச் செய்தவர்கள் பிற்காலத்தில் மறுபடி அறுவைக்கு வர நேர்வது முழு மாற்றைவிட அதிகம் என்று இங்கிலாந்து, ஆஸ்திரேலியா தேசங்களின் பதிவேடுகள் காட்டுகின்றன. என் மருத்துவர் இரண்டையும் என் முன்னே வைத்து, எது வேண்டும் என்று என்னையே கேட்டார். எனக்கு என் சொந்த எலும்பும் ஜவ்வும் மிஞ்சுவதே பெரிதாகப் பட்டது. பின்னாளில் அவசியமானால் முழு மாற்றுக்குப் போகலாம், முழுவதையும் எடுத்துவிட்ட பிறகு பாதிக்குத் திரும்ப வழியில்லை.

அறுவைக்கு முன் கையெழுத்து வாங்கிய காகிதத்தில் இரண்டு சிகிச்சைகளின் பெயர்களும் இருந்தன. படம் எத்தனை சொன்னாலும், திறந்து கண்ணால் பார்த்து, மற்ற அறைகளும் இற்றுப்போயிருந்தால் முழுவதையும் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன நிலையில், நீலத் திரைக்கு இப்பால் கண் விழித்துப் படுத்திருந்த நான், அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். திரைக்கு அப்பாலிருந்து, "உள்பக்கம் நன்றாக இருக்கிறது ஐயா, ஒரு பக்கமே போதும்" என்ற குரல் வந்தது. அதன் பின் தச்சன் பட்டறையில் கேட்பது போன்ற தட்டும் ஓசை; முக்கால் மணி நேரம் ஆகியிருக்கலாம். அன்று சாயங்காலமே வாக்கரைப் பிடித்து எழுந்து நின்றேன். குனிந்து பார்த்தேன், இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று தொடவில்லை.

செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 16-இல் மத்திய அரசின் மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்காலுக்கு உச்சவரம்பு விதித்து, ஒன்றரை லட்சத்துக்கு மேல் விற்ற கோபால்ட்-குரோமியம் முழு மூட்டின் விலையை 54,720 ரூபாய்க்குக் கொண்டு வந்தது. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்றுக்கு இடமுண்டு. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கிற திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நெசவாளியும் பீடி சுற்றுகிற பெண்ணும் இந்தச் சிகிச்சையைப் பெற வழி இருக்கிறது. பணமில்லை என்பதற்காக ஒருவர் வலியோடு வீட்டில் முடங்கியிருப்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை. காப்பீட்டு அட்டை இல்லாதவர்கள் வந்தால், விண்ணப்பம் எழுதிக் கொடுக்க நான் காத்திருக்கிறேன்.

அறுவைக்குப் பிறகு ஆறு வாரத்தில் தடியை விட்டேன். பதினாலு மாதமாகிறது, கருப்பாநதி அணை வரை ஒருநாள் நடந்துகூடப் பார்த்தேன். மாடிப்படி இறங்கும்போது மட்டும் இன்னும் கைப்பிடியைத் தொட்டுக்கொள்கிறேன். தரையில் சப்பணமிட்டு உட்கார முடிகிறது. குத்துக்காலிட்டு உட்காருவதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கிறார்கள், தவிர்க்கிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு வருஷமாக அவர் பள்ளிவாசலில் நாற்காலியில் உட்கார்ந்துதான் தொழுகிறார். தறிக் குழிக்குள் இறங்குவதற்கு இப்போது மகன் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பாவு போட்டபடி இருக்க, மிதி அசையாமல் கிடந்தது. அலமாரிக்கு மேலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்துக் கொடுத்து, "முழுசா மாத்தணும்னு சொல்லிட்டாவ. நமக்கும் நாலு இழையோட முடியுமான்னு பாருங்க" என்றார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நான் வைத்தியனல்லன், அதில் இருப்பதைச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒன்று மட்டும் கேட்டேன்: "பாய், இதை எடுக்கும்போது படுத்திருந்தீங்களா, நின்னீங்களா?"

"படுத்துத்தான் இருந்தேன்" என்றார்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் அவரைத் திருநெல்வேலிக்கு அழைத்துக்கொண்டு போகிறேன்.